மட்கார்டுக்கு ஒரு துளை

சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி வழியாகத் திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலையில், புத்தூரைத் தாண்டியபின் வருகிறது வடமாலபேட்டை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆகும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மண்டலத் தலைமையிடம். கடைப் பலகையெல்லாம் தெலுங்கு; கடைக்குள் பேச்சில் பாதி தமிழ். காரில் போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு சுங்கச்சாவடி, அவ்வளவுதான். சென்னையிலிருந்து சைக்கிளில் வருகிறவர்களுக்கு இது இறங்கி நிற்கிற ஊர். நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்த கால் ஒரு டீ கேட்கும். வண்டி ஒரு ஸ்பேனர் கேட்கும்.

அந்த ஸ்பேனர் இருக்கும் பட்டறைக்கு நண்பரோடும் அவருடைய டூரிங் சைக்கிளோடும் போனேன். தகரக் கூரை, வேப்பமர நிழல், காற்றடிக்கும் கம்ப்ரசர், உரித்துப் போட்ட பைக் டயர்கள். மெக்கானிக் ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவராம். இப்போது வீட்டுக்கு அரிசி வாங்கித் தருவது பைக் பஞ்சர். ஆனாலும் சைக்கிள் ஒன்று வந்து நின்றால் கையில் இருக்கும் பைக் டயரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வருகிறார். உதவிக்கு ஐடிஐ படிக்கும் அக்கா மகன். விடுமுறை நாளில் மட்டும் வருவான்.

நண்பரின் பையில் ஒரு ஜோடி பிளாஸ்டிக் மட்கார்டு இருந்தது. வண்டி வாங்கும்போது அது கூட வரவில்லை. தனியாக வாங்கிக்கொண்டு போனபோது, நகரத்துக் கடை ஒன்றில், “டிஸ்க் வண்டிக்கு உட்காராது” என்று கைவிரித்துவிட்டார்கள். மெக்கானிக் வண்டியின் வலப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. இடப்பக்கம் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தார்.

“கம்பி மாட்டுற எடத்துலயே டிஸ்க்கு ஒக்காந்துகிச்சு சார். அவ்ளோதான் விஷயம். பண்ணலாம். அவசரம் மட்டும் படுத்தாதீங்க.”

மட்கார்டு எதற்கு என்று இந்தச் சாலையில் யாரும் கேட்க மாட்டார்கள். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை 2021 நவம்பரில் திருப்பதி நகரத் தெருக்களையே ஆறாக ஓடவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இந்தப் பக்கத்தையும் நனைத்துவிட்டுப் போனது. மழை விட்ட பிறகும் சாலையோரச் செம்மண் சேறு பல நாள் காயாது. மட்கார்டு இல்லாத வண்டியில் போனால் முதுகில் சேற்றுக்கோடு விழுவது துவைத்தால் போகும். முன்சக்கரம் அள்ளி வீசும் மணல் பெடல் அச்சின் பேரிங்கிலும் செயினிலும் போய் ஏறுவதுதான் பெரிய செலவு.

டிஸ்க் பிரேக் வந்ததும் இதே மழையால்தான். ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக் நனைந்தால் வழுக்கும். கட்டையில் ஒட்டிய மணல் ரிம்மை அரைத்துத் தின்னும். அதனால் பிரேக்கைச் சேற்றிலிருந்து விலக்கி, சக்கரத்தின் நடுவில், ஒரு தட்டில் வைத்தார்கள். சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கைப் பன்னாட்டுச் சைக்கிள் கூட்டமைப்பு 2018 ஜூலையில் முழுமையாக அனுமதித்த பிறகு, நல்ல விலை வண்டிகளில் ரிம் பிரேக் அரிதாகிவிட்டது. மழையைச் சமாளிக்க வந்த இரண்டு பொருள்கள் ஒரே இடத்துக்கு மல்லுக்கு நிற்கின்றன. பஞ்சாயத்து செய்கிறவர் மெக்கானிக்.

அவருடைய அப்பா காலத்தில் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. 1949இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951இல் வந்த அட்லஸ், 1956இல் லூதியானாவில் பிறந்த ஹீரோ என்று நம் ஊர்களில் ஓடிய கறுப்பு வண்டிகள் எல்லாவற்றுக்கும் இரும்பு மட்கார்டு உடன்பிறந்தது. அதைத் தாங்கும் கம்பியை ஆக்சிலிலேயே கோத்து, சக்கரத்து நட்டைப் போட்டு இறுக்கிவிடுவார்கள். பிரேக், ரிம்மின் அடிப்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கம்பி பிரேக். இரண்டுக்கும் சண்டை வர வழியே இல்லை. இன்றும் தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிளில் மட்கார்டு இருக்கிறது. அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் வண்டியில்தான் இல்லை.

நண்பரின் வண்டியில் ஆக்சிலுக்கு நட்டே கிடையாது. டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரத்தை, அதைத் தாங்கும் கவட்டையான போர்க்கிலிருந்து கீழே தள்ளப் பார்க்கும். அதைத் தடுக்க, போர்க்கின் ஒரு காலில் நுழைத்து மறுகாலில் மரை ஏற்றும் முழு அச்சு போட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் கம்பியைக் கோக்க இருந்த பழைய இடம் போயே போய்விட்டது. மிச்சம் இருப்பது சட்டத்தின் முனையில் மரை வெட்டிய ஒரு சின்னத் துளை, 5 மில்லிமீட்டர் போல்ட்டு ஏறுவது. அதற்கு நேர் மேலே, டிஸ்க் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் குந்தியிருக்கிறது.

வேலை மட்கார்டில் தொடங்கவில்லை. இரண்டு சக்கரங்களையும் கழற்றி, திரும்ப மாட்டி, அச்சு முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் எடுத்தார். ஏன் என்று கேட்டேன். கையால் புத்தூர்த் திசையைக் காட்டினார். “அங்க கட்டு கட்டுறவங்க என்ன பண்றாங்க? மொதல்ல எலும்ப நேரா வெப்பாங்க. அப்புறம்தான் மூங்கில் பத்தை, துணி எல்லாம். கோணலா இருக்கும்போது கட்டிட்டா கோணலாவே நிக்கும்.” பக்கத்து ஊரின் எலும்பு முறிவு வைத்தியத்திலிருந்து வந்த அந்தப் பாடம் மட்கார்டுக்கு அப்படியே பொருந்தியது. கோணலான சக்கரத்தை வைத்து அளந்தால், நேராக்கிய அன்றைக்கு டயர் மட்கார்டில் உரசும்.

டயர் 35 மில்லிமீட்டர் அகலம், மட்கார்டு 45. டயரைவிடப் பத்து மில்லிமீட்டராவது அகலம் இருந்தால்தான் பக்கத்தில் தெறிப்பது அடங்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல் அளவு, பத்திலிருந்து பதினைந்து மில்லிமீட்டர், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். குறைந்தால் சேறு அடைத்துக்கொள்ளும், கல் மாட்டும். இதை அவர் ஸ்கேல் வைத்து அளக்கவில்லை. பழைய சைக்கிள் டயரிலிருந்து பட்டையாகத் துண்டுகள் அறுத்து, சக்கரத்தின் மேல் மூன்று நான்கு இடத்தில் போட்டு, அதன்மேல் மட்கார்டைப் படியவைத்தார். எல்லா போல்ட்டையும் இறுக்கிய பிறகு துண்டுகளை உருவினால் இடைவெளி தானாக நிற்கிறது.

பின்சக்கரத்தின் இடப்பக்கம் காலிப்பர் சட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. நேராகப் போக வேண்டிய கம்பி அதில் இடித்தது. கம்பியை வளைக்க மருமகன் இடுக்கியை எடுத்தான். “ஒரேய், ஆகு” என்று தெலுங்கில் நிறுத்தச் சொன்னார் மாமா. வளைத்த கம்பியை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் அந்த இடத்திலேயே ஒருநாள் ஒடியும். ஆகவே வளைப்பது கடைசி வழி. முதல் வழி, கம்பியையே சட்டத்திலிருந்து தள்ளி வைப்பது. அதற்கு நீளமான போல்ட்டும் நடுவில் ஒரு அலுமினிய புஷ்ஷும் வேண்டும்.

புஷ் வாங்கப் புத்தூருக்குப் போனோம். நகரி, புத்தூர்ப் பக்கம் விசைத்தறி நிறைய. தறிக்கு உதிரி பாகம் கடைந்து தரும் லேத் பட்டறை ஒன்றில், பதினைந்து மில்லிமீட்டர் நீளத்தில் துண்டு கேட்டோம். லேத்காரர் பொருள் எதற்கு என்று கேட்கவில்லை. எவ்வளவு கனம் தாங்க வேண்டும் என்று கேட்டார். மட்கார்டுதான், கனமே இல்லை என்றதும் ஓரத்தில் கிடந்த அலுமினியக் குழாயை அறுத்து, இரண்டு முகத்தையும் சீவி, விளிம்பின் பிசிரை அரத்தால் தேய்த்துக் கொடுத்தார். அந்தக் கேள்வியின் அருமை பட்டறைக்குத் திரும்பிய பிறகுதான் புரிந்தது. நண்பர் பின்னால் கேரியரும் மாட்டப் போகிறார். இரண்டுக்கும் அந்த ஒரே துளைதான். மெக்கானிக் கேரியரின் காலைச் சட்டத்தோடு ஒட்டவைத்து, அதற்கு வெளியே புஷ், அதற்கும் வெளியே மட்கார்டுக் கம்பி என்று அடுக்கினார். “சொம தூக்குறது உள்ள இருக்கணும். தண்ணி தடுக்குறது வெளிய இருந்தா போதும்.”

நீளமான போல்ட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. உட்பக்கம் ஒரு மரை அதிகம் நீட்டிக்கொண்டிருந்தாலும் இடப்பக்கம் டிஸ்க் தட்டில் உரசும். வலப்பக்கம் மிகச் சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கும்போது செயின் அதில் மாட்டும். அவர் விரல் நுனியால் உள்ளே தடவிப் பார்த்து, மிச்சத்தை ஹேக்ஸாவால் அறுத்தார். அறுக்கும் முன் டிஸ்க் தட்டைத் துணியால் மூடினார். எண்ணெய்க் குப்பியை மருமகன் எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோய் வைத்தான். இந்த ஒரு பழக்கம் புதிது. எதற்கும் இரண்டு சொட்டு எண்ணெய் என்பது பழைய தொழில் தர்மம். டிஸ்க்கில் ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் பேடு அதைக் குடித்துவிடும், பிறகு பிரேக் பிடிக்காமல் கத்தும்.

முன்பக்கம்தான் பொறுமையைக் கேட்டது. காலிப்பர் இடது காலின் பின்புறம் இருக்கிறது. துளையிலிருந்து மட்கார்டின் கீழ்நுனிக்குக் கம்பி போக வேண்டிய பாதையும் அதேதான். நல்ல டூரிங் போர்க்கில் காலின் நடுவில், காலிப்பருக்கு மேலே, இன்னொரு துளை தருவார்கள். இதில் இல்லை. அவர் உட்பக்கம் ரப்பர் ஒட்டிய கிளாம்பு ஒன்றைக் காலிப்பருக்கு மேலே காலைச் சுற்றிப் போட்டு, அதில் கம்பியைப் பிடித்தார். பெயின்ட் தேயாமல் இருக்கக் கிளாம்புக்குள் ட்யூப் துண்டு ஒரு சுற்று. அலுமினியப் போர்க்கில் புதிதாகத் துளை போடலாமா என்று கேட்டேன். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார், கூடாது என்று.

முன் மட்கார்டில் அவர் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று இருந்தது. கம்பியை மட்கார்டோடு பிணைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பிடிப்பு இருக்கிறது. வேகமாக இழுத்தால் கழன்றுவிடும். நண்பர் அதை எடுத்துவிட்டு உறுதியாக போல்ட்டு போடச் சொன்னார். மெக்கானிக் மறுத்தார். சாலையோரம் கிடக்கும் வேலிக்காத்தான் குச்சி ஸ்போக்கில் மாட்டி மேலே சுருட்டிக்கொண்டால், கழலாத மட்கார்டு சக்கரத்தைப் பூட்டிவிடும். ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். கழல வேண்டிய இடத்தில் கழலத்தான் வேண்டும்.

கடைசி வேலை மலிவானது, பலன் அதிகமானது. பழைய எண்ணெய் கேனின் பிளாஸ்டிக்கை நாக்கு வடிவில் வெட்டி முன் மட்கார்டின் அடியில் தொங்கவிட்டார். செருப்பையும் செயினையும் காப்பது உண்மையில் அந்தத் தொங்கல்தான். பின்னால் ஒன்று கட்டினால் பின்தொடர்ந்து வருகிறவரின் முகம் தப்பும். பிறகு பெடலில் கால் வைத்து ஹேண்டில்பாரை முழுதாகத் திருப்பச் சொன்னார்: மட்கார்டு ஏறியதால் ஷூ முனை இப்போது முன்னால் உரசுகிறதா என்று பார்க்க. உரசவில்லை. வண்டியை ஓரடி உயரத்திலிருந்து தரையில் போட்டார். சத்தமில்லை. “தட்டுற சத்தம் வந்தா எங்கயோ இழுத்துப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். இழுத்துப் பிடிச்ச எடம் வெடிச்சிடும்.”

ஒரு பிற்பகல் முழுக்க ஓடிய வேலைக்கு அவர் கேட்ட கூலி, சில பைக் பஞ்சருக்கு வாங்குவதுதான். சாமானுக்கு விலை கேட்கத் தெரிந்தவர், யோசித்த நேரத்துக்கு விலை கேட்கக் கூச்சப்படுகிறார். கூடுதலாகக் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வைப்பது இன்னொரு வேலையாகிப்போனது.

இந்தப் பாடு தேவையே இல்லாதது. பிரான்சின் பழைய நெடுந்தூர வண்டிகளில் மட்கார்டை அளந்த பிறகுதான் சட்டத்தையே பற்றவைப்பார்கள். ஜப்பானில் ஹோஞ்சோ என்ற நிறுவனம் அலுமினிய மட்கார்டை இன்றும் செய்து விற்கிறது. சட்டம் செய்யும்போதே இரண்டு துளையைச் சரியான இடத்தில் வைத்தால், வடமாலபேட்டையில் ஒரு பிற்பகல் மிச்சமாகும். அதற்குத் தேவை புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. இரண்டு மரை வெட்டு, அவ்வளவுதான்.

டூரிங் சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இது: கியர் எத்தனை என்று கேட்கும் முன், வண்டியின் இடப்பக்கம் குத்த வைத்து உட்காருங்கள். பின்னால் காலிப்பர் சட்ட முக்கோணத்துக்குள் அடங்கியிருக்கிறதா, முன்போர்க்கின் நடுவில் துளை இருக்கிறதா, டயருக்கு மேலே ஒரு விரலும் மட்கார்டும் நுழைய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்காதவரை அம்பத்தூரிலும் லூதியானாவிலும் யாரும் துளை போடப் போவதில்லை. வண்டி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? “உட்காராது” என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். மழைக்கு முன் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் போங்கள். அவர் யோசிக்கிற நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.