ஸ்பிரிங்கை வெட்டிய கதை

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு கேள்வி. கேட்டவர் டெக்சாஸில் வேலை பார்க்கும் நம்ம ஊர்த் தம்பி.

"டாக்டர், வேட்டைக்குன்னு விலை குறைஞ்ச ரைஃபிள் ஒண்ணு வாங்கியிருக்கேன். ட்ரிக்கர் கல்லு மாதிரி இருக்கு. வீடியோல ஸ்பிரிங்கை வெட்டினா லேசாயிடும்னு சொல்றாங்க. வெட்டலாமா?"

வழக்கமா சுகர், பிரஷர், கொழுப்புன்னு எழுதுற ஆள் நான். என்கிட்ட ஏன் இதைக் கேட்டார்னு தெரியல. ஆனா ஒரு வரியில் பதில் சொல்ல மனசு வரல. ஏன்னா நான் வெட்டியிருக்கேன் மக்களே.

முதலில் கொஞ்சம் முன்கதை. ட்ரெய்னிங் முடிந்ததும் விசா நிபந்தனைக்காக வடக்கு விஸ்கான்சினில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுவரை துப்பாக்கி என்றால் பேங்க் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் தோளில் தொங்குவது மட்டும்தான். அங்கே நவம்பரில், தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் மான் வேட்டை சீசன். ஊரே ஆரஞ்சு கோட்டு போட்டுக்கொண்டு காட்டுக்குள் போய்விடும். நம்ம ஊர் பொங்கல் லீவு மாதிரிதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர், ரிட்டயர்டு தச்சர், என்னை விடவில்லை. கிரீன் கார்டு வந்த வருஷம் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்த்துவிட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே நினை, குழல் முனையைப் பாதுகாப்பான பக்கம் வை, இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் உறுதி செய், சுடும் வரை விரலை ட்ரிக்கருக்கு வெளியே வை. அந்த நாலு விதியும் இன்றைக்கும் மனப்பாடம்.

அப்புறம் கடையில் இருந்ததிலேயே மலிவான ரைஃபிளை வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம்.

முதல் சீசன், முதல் மான். எண்பது கெஜ தூரம். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். அதில் குறி வைத்து இழுத்தேன். இழுத்தேன். இன்னும் இழுத்தேன். திடீரென்று வெடித்தது. குண்டு வயிற்றில் பட்டது.

வயிற்றில் குண்டு பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அது உடனே சாகாது. இருட்டும் வரை ரத்தச் சுவட்டைப் பின்தொடர்ந்தோம், மான் கிடைக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பெரியவர் ஸ்பிரிங் தராசு மாதிரி ஒரு கருவியை ட்ரிக்கரில் மாட்டி இழுத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட ஏழு பவுண்ட், 3.2 கிலோ. ஸ்கோப்போடு சேர்த்து ரைஃபிளின் எடையே எட்டு பவுண்ட்தான். யோசித்துப் பாருங்கள், துப்பாக்கியின் எடை அளவுக்கே ஒற்றை விரலால் இழுத்தால் துப்பாக்கி அசையாமல் எப்படி இருக்கும்?

இன்னொன்றும் உண்டு. விரலை மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. லேசாக மடக்கும்போது ஆள்காட்டி விரல் தனியாக வேலை செய்யும். பலமாக இழுத்தால் பக்கத்து விரல்களும் சேர்ந்து இறுகும், கை முழுக்கப் பிழியும், குழல் ஒரு பக்கம் சாயும். நர்ஸுகளுக்கு இது சொல்லாமலே புரியும். பிளஞ்சர் ஒட்டிக்கொண்ட சிரிஞ்சை அழுத்தி அழுத்தி, சட்டென்று மொத்த மருந்தும் போய்விடும் இல்லையா, அதே கதைதான்.

விலை குறைந்த ரைஃபிள்களில் ட்ரிக்கர் ஏன் இப்படி? பாகங்களை வழவழப்பாக்கக் காசு செலவாகும். அந்தச் சொரசொரப்பிலும் தவறுதலாக வெடிக்கக் கூடாது என்றால் கனமான ஸ்பிரிங் போட வேண்டும். கேஸ் போடுவார்கள் என்ற பயம் வேறு. அமெரிக்கர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'லாயர் ட்ரிக்கர்'. 2002-ல் சாவேஜ் கம்பெனி 'அக்யூட்ரிக்கர்' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. ட்ரிக்கர் நடுவில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதை முழுசா அழுத்தாமல் வெடிக்காது, அதனால் எடையைத் தைரியமாகக் குறைக்க முடிந்தது. மற்ற கம்பெனிகளும் அந்த வழியில் வந்தன. என்னுடையதில் அதெல்லாம் இல்லை.

ஆகவே வீடியோ பார்த்தேன். பேஸ்மென்டில் உட்கார்ந்து ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டினேன். அதோடு விட்டேனா? உள்ளே பாகங்கள் உரசும் விளிம்பையும் நைஸ் பேப்பரால் தேய்த்தேன். ஆபரேஷன் தியேட்டரில் நின்ற கை, இதென்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு. ட்ரிக்கர் வெண்ணெய் மாதிரி ஆனது. பெரியவரிடம் சொல்லவில்லை. அடுத்த சீசனில் அதை வைத்து ஒரு மானை ஒரே குண்டில் வீழ்த்தினேன். ரொம்பப் பெருமை.

அதற்கு அடுத்த நவம்பர், எமர்ஜென்சி டியூட்டி. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பாவின் கெண்டைக்கால் பாதி இல்லை. பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ரைஃபிள் குண்டு கைத்துப்பாக்கிக் குண்டு மாதிரி ஓட்டை மட்டும் போடாது, அதன் வேகத்தில் சுற்றியிருக்கும் சதை வெளிப்பக்கமாகத் தூக்கி எறியப்படும். டூர்னிகே போட்டு, ரத்தம் ஏற்றி, ஹெலிகாப்டரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கால் தப்பியது. பாதத்தை மேலே தூக்கும் நரம்பு தப்பவில்லை. இன்றைக்கும் பிளாஸ்டிக் பட்டை மாட்டித்தான் நடக்கிறார்.

மகன் காரிடாரில் தரையில் உட்கார்ந்திருந்தான். இருபது வயசுதான் இருக்கும். "நான் ட்ரிக்கரைத் தொடவே இல்ல டாக்டர். போல்ட்டை மட்டும்தான் மூடினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். என்ன மாற்றினாய் என்று கேட்டேன். ஸ்பிரிங், அப்புறம் கொஞ்சம் பாலிஷ் என்றான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ரைஃபிளுக்குள் குண்டை அடிக்கும் ஊசியை வலுவான ஸ்பிரிங் ஒன்று முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது சியர் என்கிற சின்னக் கொக்கி. ட்ரிக்கரும் அதுவும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த விளிம்பின் கோணத்தைக் கையால் தேய்த்து மாற்றினால், பிடி நிற்கிற மாதிரி இருக்கும். ஒரு தட்டு தட்டினால் விழும். தேய்த்தது நாமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2014-ல் ரெமிங்டன் ஒரு ட்ரிக்கர் வகையைத் திரும்பப் பெற்றது, காரணம் பாகங்களை மாட்டும்போது பசை கொஞ்சம் கூடிவிட்டது.

விடியற்காலை வீட்டுக்கு வந்தேன். மனைவி "சாப்பிடலையா"ன்னு கேட்டதுக்குப் பதில் சொல்லாமல் பேஸ்மென்டுக்கு இறங்கினேன். ரைஃபிளில் குண்டு இல்லை என்பதை இரண்டு தடவை விரலை விட்டுப் பார்த்தேன். போல்ட்டை மூடினேன், சேஃப்டியை எடுத்தேன், கட்டையை ரப்பர் பாய் மேல் லேசாகத் தட்டினேன்.

டிக்.

ஊசி விழுந்துவிட்டது. அதோடு நான் ஒரு முழு சீசன் காட்டில் நடந்திருக்கிறேன். எனக்கு முன்னால் நடந்தது பெரியவர். ஏணியில் ஏறும்போது கீழே நின்று துப்பாக்கியை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "காப்பி குடி டாக். ஒன்பது மணிக்குக் கடை திறப்பான்" என்றார்.

கடைக்காரர் பழைய பாகங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் குப்பையில் போட்டார். அந்த மாடலுக்கென்றே செய்த முழு ட்ரிக்கர் செட்டை மாட்டி, மூன்று பவுண்டில் வைத்தார். ஏறக்குறைய 1.4 கிலோ. குளிரில் கையுறை போட்ட விரலுக்கு உணர்ச்சி குறைவு, அதற்கும் கீழே போகாதே என்றார். அதில் நியாயம் இருக்கிறது. கால் இடறினாலோ, திடுக்கிட்டாலோ, மறு கை எதையாவது இறுகப் பிடித்தாலோ நம் விரல் தானாக மடங்கும். மூளையைக் கேட்டுக்கொண்டு மடங்காது.

டெக்சாஸ் தம்பிக்கு வருகிறேன். முதலில் மேனுவலைப் பாருங்க, சரிசெய்யும் ஸ்க்ரூ இருக்கலாம். கம்பெனி சொன்ன அளவுக்குள் திருப்புங்க, அதைத் தாண்ட வேண்டாம். உள்ளே ஃபேக்டரி கிரீஸ் காய்ந்திருந்தால் கடையில் கொடுத்துச் சுத்தம் பண்ணுங்க, அதிலேயே பாதி சொரசொரப்பு போகும். மேனுவல் அனுமதித்தால் குண்டு இல்லாமல் இழுத்துப் பழகுங்க, விரலும் கற்றுக்கொள்ளும். அதுக்கும் சரிவரலைன்னா காசு சேர்த்து முழு செட்டா மாத்துங்க, தெரிஞ்ச ஆள் கையால. ரைஃபிளுக்குக் கொடுத்ததில் பாதி விலை ஆகும். எனக்கும் வயிறு எரிஞ்சது. ஸ்பிரிங்கை வெட்டாதீங்க, எதையும் தேய்க்காதீங்க.

யார் மாட்டினாலும், காலி ரைஃபிளில் நீங்களே சோதிங்க. போல்ட்டை வேகமாக மூடிப் பாருங்க. கட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்க. சேஃப்டியைப் போட்டு ட்ரிக்கரை இழுத்து விட்டுட்டு, அப்புறம் சேஃப்டியை எடுங்க. எதிலும் டிக் சத்தம் வரக் கூடாது. ஒரு தடவை வந்தாலும் அது கடைக்குப் போகணும், காட்டுக்கு இல்லை.

பெரியவருக்கு இப்போ எண்பத்தொண்ணு. போன நவம்பரும் சீசனுக்கு முந்தின ராத்திரி ரப்பர் சுத்தியலோட வந்துட்டார். என் துப்பாக்கியைத்தான் முதல்ல தட்டினார்.