அதிகாரம் என்னும் சொல்

இரண்டாம் ஆண்டு வகுப்பில் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, திருக்குறளில் 133 அதிகாரங்கள் உள்ளன; அரசு அலுவலரிடமும் அதிகாரம் உள்ளது. நூற்பகுதிக்கும் பதவிக்கும் ஒரே சொல் எவ்வாறு பொருந்தும்?" வினா எளிது, விடைதான் எளிதன்று.

இலக்கண உரைகாரர் இதற்கு நல்லதோர் உவமை கூறுவர். வேந்தன் தன் இருக்கையில் இருந்தவாறே அவன் ஆணை நாடெங்கும் நடப்பது போல, ஓரிடத்தில் நின்ற சொல் பின்வரும் நூற்பாக்கள் பலவற்றையும் தன் பொருளின்கீழ் நடத்துவது அதிகாரம் என்பர். ஆள் அருகில் இல்லாதபோதும் நடப்பதற்கே அப்பெயர் போலும்.

ஆணை, வலிமை, செல்வாக்கு, உரிமை ஆகியவற்றை நாம் இதனோடு கலந்து வழங்குகிறோம். பிரித்தறிவதற்கு, இச்சொல்லையே பெயரில் தாங்கிய சிலப்பதிகாரம் துணைசெய்யும். பாண்டியனிடம் பொற்கொல்லனுக்கு இருந்தது செல்வாக்கு, செல்லும் வாக்கு. உசாவாமல் மன்னன் வாயில் பிறந்தது ஆணை. கோவலனைக் கண்ட காவலருள் ஐயுற்றோரும் இருந்தனர். ஆயினும் ஒருவன் வாள் வீசினான். அது வலிமை. ஒற்றைச் சிலம்புடன் அரண்மனை வாயிலில் வந்து நின்ற கண்ணகியிடம் இருந்ததோ உரிமை ஒன்றே. கோவலனிடமிருந்து பறிக்கப்பட்ட சிலம்பை அவள் உடைத்தாள். முத்து இருக்குமென்று மன்னன் கூறிய இடத்திலிருந்து மாணிக்கம் தெறித்தது. அந்நேரத்தில் படை தோற்கவில்லை, மதில் இடியவில்லை, எவரும் அவனைப் பதவியினின்று நீக்கவுமில்லை. தான் அரசனல்லன் என்று அவனே சொல்லி வீழ்ந்தான்.

இக்காட்சியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அவனைப் பழிப்பதினும் வியப்பதே எனக்குத் தோன்றும். தீர்ப்புப் பிழைத்ததும் கோப்புக்குள் முகம் மறைப்போரையே நாம் பெரிதும் கண்டிருக்கிறோம்.

எங்கள் சிற்றூரில் பதவி எதுவுமற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். வரப்புத் தகராறு எழுந்தால் இரு தரப்பினரும் அவர் திண்ணைக்கே வருவர். தம் உறவினர்க்கு எதிராகவும் அவர் தீர்ப்புரைத்ததைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். தோற்றவர் முணுமுணுத்தபடியே சென்று வரப்பை ஒரு முழம் தள்ளிப் போடுவார். சரியாகத் தள்ளினாரா என்று பெரியவர் ஆள் அனுப்பி அளந்ததில்லை. அவர் மறைந்தபின், பணமும் ஆள்பலமும் மிக்க வேறொருவர் அவ்விடத்துக்கு வந்தார். வரப்பு வழக்குகள் முன்சீப் நீதிமன்றத்துக்குப் போகத் தொடங்கின.