வீட்டுக்குள் வந்த வாத்தியார்

பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது சொந்தக்காரர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில்கள் தயாராக இருந்தன. “பத்தாவது பரீட்சைக்கு என்னடா பண்ணுவே?” என்றார் அண்ணன். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது ஆனால் நேராகவே எழுதலாம் என்றேன். “அதுவரைக்கும் யாரு சொல்லிக் குடுக்கிறது?” என்றார் அத்தை. யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம் அத்தை, அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்ற வாத்தியார் பள்ளி வேலையை விட்டுவிட்டு, 1977இல் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார், பிள்ளைகள் தானாகவே கற்றுக்கொள்ளும் என்றேன். “அவரு புள்ளைங்க இப்ப என்ன பண்ணுதுங்க?” என்றார் அத்தை. ஹோல்ட் கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்பதை நான் சொல்லவில்லை.

வாய் இப்படிப் பேசிக்கொண்டிருந்ததே தவிர, வயிற்றில் புளி கரைத்தபடிதான் இருந்தது. அந்தப் பயத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். பையன் அன்றைக்கு என்ன செய்தான் என்பதை ராத்திரி அதில் எழுதுவேன். சந்தையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கினானா, கணக்கு. பாட்டியிடம் கதை கேட்டானா, மொழி. தோசை மாவு ஏன் பொங்குகிறது என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. அறிவியலில் அரைப் பக்கம் எழுதுவேன். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம் இல்லையா? பிள்ளையை இவ்வளவு கூர்ந்து கவனிக்கிற அப்பன் ஊரில் வேறு யார் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால், சாய்ப்புக்கு அடியில் மழை படாத புழுதியில், சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். குழிநரி என்கிற பூச்சியின் வேலை. எறும்பு விளிம்பில் கால் வைத்தால் மண் சரியும். ஏற முயன்றால், அடியில் புதைந்திருக்கும் பூச்சி தலையால் மண்ணை வாரி வீசி அதைக் கீழே தள்ளும். பையன் ஒரு நாள் முழுக்க அங்கேயே குந்தியிருந்தான். புல் நுனியால் ஒன்றைக் கிளறி உள்ளங்கையில் எடுத்தவன், “அப்பா! இது ரிவர்ஸ்லயே போகுது!” என்று கத்தினான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “சூப்பர்டா!” என்று கோணமானியோடு போனேன். காய்ந்த மண் எவ்வளவு செங்குத்தாக நிற்குமோ அந்தச் சரிவில்தான் அது குழியை வெட்டுகிறது, கொஞ்சம் தொட்டாலும் மண் சரிந்துவிடும், அதுதான் அதன் சூட்சுமம் என்று விளக்கினேன். வளர்ந்த பிறகு தட்டான் மாதிரி சிறகு வைத்துப் பறக்கும் என்றேன். பிறகு நோட்டில் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னேன். வரைந்தான். மறுநாள் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கு அப்புறமும் போகவில்லை. நான் நோட்டில் ‘உயிரியல் – குழிநரி – முடிந்தது’ என்று எழுதியிருந்தேன். உண்மையாகவே முடிந்துபோயிருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்விகள் நின்றன. வளர்கிற வயது, அமைதியாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் விளையாடப் போகிறேன் என்று கிளம்புவான். வீட்டில் பின்னக் கணக்கு மட்டும் பெரும்பாடாக இருந்தது. சப்பாத்தியை வெட்டிக் காட்டினேன், வட்டம் போட்டு நிழலடித்துக் காட்டினேன். கொட்டாவி விடுவான்.

பேன்ட் நீளத்தைக் குறைக்க ஒரு நாள் தெருமுனை டெய்லர் கடைக்குப் போனேன். பெரியவர் உள்ளே நூல் தேடிக்கொண்டிருந்தார். மேசை மேல் அளவு நோட்டு திறந்து கிடந்தது. உயரம் 28½, சோல்டர் 17¼, கை 9¾. சட்டென்று கண்ணில் பட்டது எண்கள் இல்லை, கையெழுத்து. ‘ழ’வைப் பாதியில் நிறுத்திவிட்டு வாலைத் தனியாக ஒட்ட வைக்கிற அந்த எழுத்து எங்கள் வீட்டு எழுத்து. பக்கத்தைப் புரட்டினேன். முந்தின பக்கமும் அவன் எழுத்து. அதற்கு முந்தினதும்.

“தம்பி எழுதுனதுதான் சார்,” என்றார் பெரியவர். “எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லை. நான் டேப்பைப் புடிச்சா அவனே பாத்து எழுதிக்குவான். பாபின் சுத்துவான், பட்டன் வெப்பான். காஜா மட்டும் இன்னும் கைக்கு வரலை. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியாது என்றேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சிரித்தார். “ஆமாமா, அவன்தான் சொல்ல வேண்டாம்னான். ‘அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க தாத்தா, நோட்டுல எழுதச் சொல்லுவாரு’ன்னான்.”

அளவு நோட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது. என் நோட்டில் ஒரு வரி எழுத ஆயிரம் சாக்குச் சொன்னவன், இதில் யார் யாருடைய கைக்கும் காலருக்கும் கால் இன்ச், அரைக்கால் இன்ச் பிசகாமல் எழுதி வைத்திருந்தான். அவன் படித்தானா என்ற கவலை அந்த நிமிடத்தில் போய்விட்டது. அதைவிடப் பெரிய ஒன்று வந்து உட்கார்ந்தது. இத்தனை நாளும் வீட்டில் அவன் என்னைச் சமாளித்திருக்கிறான். பள்ளியில் வாத்தியாரைச் சமாளிப்பார்களே, அந்த மாதிரி.

வீட்டுக்கு வந்து ஹோல்ட்டின் புத்தகத்தை எடுத்தேன். அவர் இறந்த பிறகு 1989இல் வந்த ‘லேர்னிங் ஆல் தி டைம்’. பிள்ளை கேட்காமலே சொல்லிக் கொடுக்கப் போனால், உனக்கா இது தெரியப் போகிறது என்று அவனைக் குறைத்துச் சொல்வதாகவே ஆகும் என்று எழுதியிருக்கிறார். அந்த வரிக்கு அடியில் பென்சில் கோடு அழுத்தமாகவே இருந்தது. போட்டவன் நான்தான்.

கடைக்குப் போனதை அவனிடம் சொல்லவில்லை. பெரியவர் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. சில நாள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி இருந்தான். நான் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இப்போது அண்ணன் “என்னடா படிக்கிறான்?” என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. அவனிடமே கேளுங்கள் என்கிறேன். அவர் கேட்டால் சில சமயம் சொல்கிறான். நான் பக்கத்தில் போனால் இன்னமும் பேச்சை மாற்றுகிறான்.

போன வாரம் சாப்பிடும்போது அவனாகவே கேட்டான்: “கை ஊசிக்குக் காது மேல இருக்கு, மிஷின் ஊசிக்கு மட்டும் ஏம்ப்பா நுனியில இருக்கு?” எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கொக்கி, பாபின், நூல் கண்ணி, தையல் மிஷினின் வரலாறு எல்லாம் வரிசை கட்டி நின்றன.

“நூலைத் துணிக்கு அடியில கொண்டுபோகத்தான்,” என்றேன்.

இன்னும் ஏதோ வரப்போகிறது என்று அவன் காத்திருந்தான். வரவில்லை என்றதும் ரசம் ஊற்றிக்கொண்டான். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: “என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?”