தெரிந்தே கெடவிட்டேன்

வெயிலும் ஈரமும் கெடுத்துவிட்டன என்றுதான் கேட்பவர்களிடம் சொல்லி வந்தேன். அது பொய். தெரிந்தே கெடவிட்டவன் நான்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள என் வீட்டு இரும்பு அலமாரியில் இரண்டு சேகரிப்புகளைச் சேர்த்துப் பூட்டியிருந்தேன். ஒன்று, அப்பா கட்டிவைத்த ‘தமிழ் நேசன்’ நாளிதழ்கள். மற்றொன்று, 1950களின் தண்ணீர்மலைத் தைப்பூச நெகட்டிவ்கள். காலமான புகைப்படக்காரர் ஒருவரின் மனைவி என்னை நம்பிக் கொடுத்தவை.

செய்தித்தாள் மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் நாளடைவில் சிதைந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் செல்லுலோஸ் இழைகளை அறுக்க, தாள் பழுத்து ஒடியும். நெகட்டிவ்களின் அசிடேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். வினிகர் வாடை வீசும். கக்கிய அமிலமே சிதைவை இன்னும் விரட்டும். அருகிலுள்ள தாளையும் தாக்கும். 1948இல் கோடாக் நிறுவனம் கொண்டுவந்த ட்ரைஅசிடேட் ஃபிலிம் பத்தாண்டுகளுக்குள் இப்படிக் கெட்டதாக அந்நிறுவனத்துக்கு முதலில் தெரிவித்தது இந்திய அரசு. அங்கே ஃபிலிம் இருந்தது சூடும் ஈரமும் மிகுந்த இடத்தில். பினாங்கிலோ ஆண்டு முழுதும் அதே நிலைதான்.

இத்தனையும் எனக்குத் தெரியும். மேடையில் பேசியிருக்கிறேன். ஃபிலிமைத் தனியே பிரித்துக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்; தாளைக் கால்சியம் கார்பனேட் சேர்த்த, அமிலமற்ற உறையில் இட வேண்டும்; உடனே நகலெடுக்க வேண்டும். சென்னையில் 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சுகளை மைக்ரோஃபிலிமில் ஏற்றிக் காத்ததையும் அறிவேன்.

ஆனால் நகல் வெளியே போனால், ‘இது அவரிடம் மட்டுமே இருக்கிறது’ என்ற பெயர் போய்விடுமே என்று அஞ்சினேன். நகலெடுக்க அனுமதி கேட்டு வந்த இளைஞர்களை, “பிறகு பார்க்கலாம் தம்பி” என்று திருப்பி அனுப்பினேன். வினிகர் வாடை மூக்கில் ஏறிய அன்றும் கதவைச் சாத்தினேன்.

இன்று பல நெகட்டிவ்களில் அடிப்படலம் சுருங்கி, படம் பதிந்த ஜெலட்டின் உரிந்துவிட்டது. இதழ்களின் ஓரங்கள் கையோடு வருகின்றன. அமிலத்தை நீக்கினால் மேற்கொண்டு கெடுவது குறையும். அறுந்த இழை திரும்பாது.

நெகட்டிவ்களைத் தந்த அந்த அம்மாவை நேரில் பார்த்து உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படங்களில் காவடி எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் கடன்பட்டவன்; அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். தேறியவற்றை ஸ்கேன் செய்யக் கொடுத்துவிட்டேன். கேட்கும் எவருக்கும் நகல் உண்டு, என் பெயர் அதில் இருக்க வேண்டியதில்லை.