நாற்பத்தோராம் நாள்

நோன்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது வயிறுதான். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒருசந்தி இருந்த என் பாட்டிக்கும் அப்படியே. தவக்காலத்தில் அதே 'ஒருசந்தி' என்னும் சொல்லை வழங்கிவந்த தமிழ்க் கத்தோலிக்கருக்கும் அப்படியே. ஆனால் வயிற்றைத் தொடாத நோன்பு ஒன்றை நான் நிக்டியில் கண்டேன். அதைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தேன்.

தவக்காலம் சாம்பல் புதனன்று தொடங்கி, உயிர்ப்புத் திருநாளின் முன்னாள் முடியும். நாட்காட்டியை வைத்து எண்ணினால் 46 நாட்கள் வரும். கணக்கில் பிழையோ என ஐயுற வேண்டா. இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் மிஞ்சுவது 40. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, இறைச்சி விலக்குதல் 14 வயது நிரம்பியவர்க்கே கடமை. உண்ணா நோன்போ 18 வயது நிரம்பியவர்க்கே. அப்படியாயின் பள்ளிச் சிறுவர்க்குத் தவக்காலமே இல்லையா? உண்டு. கடமைப்படாத இளையோர்க்கும் தவத்தின் உண்மைப் பொருளைக் கற்பிக்க வேண்டுமென்று குருமாரையும் பெற்றோரையும் அதே விதி பணிக்கின்றது.

நிக்டி, தொழிற்சாலைகளை நம்பிப் பல மாநிலத்தார் குடியேறிய பகுதி. அங்குள்ள பக்தி சக்தி சதுக்கத்தில் சிவாஜியும் துக்காராமும் சந்திக்கும் சிலையைக் காணலாம். என் தந்தையார் அங்கு வேலைக்கு வந்தபோது எனக்கு வயது பத்து. கத்தோலிக்கப் பள்ளியொன்றில் சேர்ந்தேன். மராத்தியில் ஒரு சொல்லும் அறியேன். நான் கிறிஸ்தவன் அல்லன்; என் வகுப்பில் பெரும்பாலோரும் அல்லர். ஆயினும் தவக்காலம் எல்லோருக்கும் வந்தது. உண்டியலில் காசு சேர்த்தோம். ஆனால் ஆசிரியையாக இருந்த கன்னியர் அதனோடு விடவில்லை. மிட்டாயை விட்டேன் என்று பெருமை பேசுவது போதாது, நீ விட்டதனால் அடுத்தவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பார்.

என் பக்கத்தில் இருந்த மராத்திய மாணவன் விளையாட்டை விட்டான். இடைவேளை தோறும் பந்தாட ஓடாமல் எனக்கு மொழி கற்பித்தான். வாழைப்பழத்தைக் காட்டிக் 'கேளே' என்றான். எதைக் கேட்பது என்று நான் விழித்தேன்! அதுவே பழத்தின் பெயர் என்று பிறகு விளங்கியது. நம் ளகரம் அவர்கள் மொழியிலும் உண்டு என்றறிந்தபோது, அந்நிய மண்ணில் உறவினரைக் கண்டாற்போல் மகிழ்ந்தேன்.

எனினும் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. இவன் புண்ணியக் கணக்கில் நான் ஒரு வரவுதானோ? நாற்பது நாள் கழிந்தபின் என்னை யார் நினைப்பார்?

திருநாள் கழிந்து பள்ளி திறந்தது. இடைவேளை மணி அடித்ததும் அவன் மைதானத்துக்கு ஓடினான். நினைத்தது சரியே என்று எண்ணினேன். பாதி வழியில் திரும்பி வந்தான், என் கையைப் பற்றினான், 'சல்' என்றான். 'வா' என்பது பொருள். அதற்குள் அச்சொல்லை நான் கற்றிருந்தேன். அன்று அவன் எதையும் துறக்கவில்லை. இருவரும் ஆடினோம்.

கொடுப்பவன் மேலும் பெறுபவன் கீழும் நிற்கும்வரை அது இரக்கம். இருவரும் ஒரே மைதானத்தில் நிற்கும்போதுதான் அது அன்பு. தவக்காலம் அந்த மைதானத்துக்குச் செல்லும் வழி.

நண்பர்களே, ஆண்டுதோறும் நம் ஊர்களிலிருந்து புதிய மாணவர் இப்பல்கலைக்கழகத்துக்கு வருகின்றனர். உணவகத்தில் எதைக் கேட்பது, பேருந்தில் எங்கே இறங்குவது என்று தயங்கி நிற்கின்றனர். வரவேற்பு விழாவில் மாலையிடுகிறோம், நன்று. மறுநாள் அவரைத் தேடிச் செல்பவர் நம்மில் எத்தனை பேர்?