எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

இரவு சென்னையில் கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ், மதுரை, விருதுநகர், சிவகாசி எல்லாம் தாண்டி, விடிகிற நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து நிற்கும். சில நிமிடங்கள்தான். அங்கிருந்து கால் மணி நேரத்தில் ராஜபாளையம்.

இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர். பெண்ணுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், பையனுக்கு ராஜபாளையம் என்று அமைந்துவிட்ட இளம் தம்பதிக்கு விடுமுறையின் முதல் சிக்கல் இந்தக் கால் மணி நேரத்தில்தான் தொடங்கும். முதலில் வருவது அவள் ஊர். முதலில் போக வேண்டியது புகுந்த வீடு என்பது பெரியவர்கள் கணக்கு. பெட்டியை இறக்குவதா, வேண்டாமா?

"நீ இங்க இறங்கிக்கோ. நான் வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வர்றேன்" என்பான் அவன்.

"தனியா போய் நின்னா எங்க அம்மா கேட்கிற முதல் கேள்வியே 'மாப்பிள்ளை எங்கே?'தான்" என்பாள் அவள்.

இப்படி எத்தனையோ ஜோடிகள், வருஷா வருஷம், அரைத் தூக்கத்தில், அந்த பிளாட்பாரத்தைப் பார்த்தபடி முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விதி இல்லாத லீவு

தலைத் தீபாவளி என்றால் குழப்பமே இல்லை. பெண் வீட்டில் கொண்டாட வேண்டும். தலைப் பொங்கல் என்றால் பெண் வீட்டுச் சீர், மாப்பிள்ளை வீடு தேடிப் போகும். ஆடி பிறந்தால் மகளை அழைத்து வரத் தாய் வீட்டிலிருந்து ஆள் போகும். எல்லாவற்றுக்கும் முறை உண்டு, நாள் உண்டு, யார் யாரை அழைப்பது என்ற வரிசையும் உண்டு.

டிசம்பர் கடைசியில் ஆபீஸ் கொடுக்கும் நான்கு நாள் லீவுக்கு மட்டும் எந்தச் சம்பிரதாயமும் கிடையாது. அதனால்தான் மூணாறு, கொடைக்கானல் என்று போன் திரையில் அறைகள் தேட ஆரம்பிக்கிறார்கள். "ஊருக்குப் போனா அது லீவா? ரெண்டு வீட்டுக்கும் ஓடவே நேரம் சரியா இருக்கும்" என்ற அலுப்பு நியாயமானதுதான்.

ஆனால், ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பருவத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. கல்யாணமான மகள், கணவரையும் அழைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வரும் முறை. வருகிறவள் ஆண்டாள்.

காய்கறி பரப்பி ஒரு வரவேற்பு

மார்கழியில் பகல்பத்து உற்சவம் தொடங்கும் நாள். ஆண்டாளும் ரங்கமன்னாரும் புறப்பட்டு, பெரியாழ்வார் வழிவந்தவர்களான வேதபிரான் பட்டர் திருமாளிகைக்கு எழுந்தருள்வார்கள். அதுதான் ஆண்டாளின் பிறந்தகம். இந்த வைபவத்துக்குப் பெயர் 'பச்சைப்பரத்தல்'.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள் என்று வீட்டில் காய்கறிகளைப் பரப்பி வைக்கிறார்கள். பூசணி, வாழை, கத்திரி, அவரை, கீரை என்று சந்தையே வீட்டுக்குள் வந்த மாதிரி பச்சைப் பசேல் என்று இருக்கும். திரட்டுப்பாலும் மணிப்பருப்பும் நிவேதனம்.

யோசித்துப் பார்த்தால் இது நம் வீடுகளில் நடப்பதுதான். மகள் வருகிறாள் என்றால் அம்மா முதலில் போவது காய்கறிக் கடைக்கு. 'அவளுக்குப் பிடிக்குமே' என்று பிஞ்சு கத்திரிக்காயாகப் பொறுக்குவார். 'மாப்பிள்ளைக்கு ஆகுமோ ஆகாதோ' என்று இன்னொரு காயும் சேர்த்து வாங்குவார். கூடை நிறையும். வீட்டில் இருப்பது இரண்டே பேர் என்பதால் மற்ற நாட்களில் கால் கிலோவுக்கு மேல் வாங்காத கை அது.

அம்மனுக்கும் அந்தத் தாய் வீட்டில் கிடைக்கிற முதல் வரவேற்பு காய்கறிதான் என்பதில், இந்த ஊர் குடும்பத்தை எப்படிப் புரிந்து வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. வந்தவர்கள் வயிறார சாப்பிட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

வீட்டோடு மாப்பிள்ளை

11 நிலைகளோடு 192 அடி உயரம் நிற்கும் ராஜகோபுரம், வடபத்ரசாயி கோயிலுடையது. தமிழக அரசு முத்திரையில் இருப்பது இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு காட்டுவார்கள். பக்கத்திலேயே ஆண்டாள் கோயில். பெரியாழ்வார் வாழ்ந்த வீடு இருந்த இடம்தான் இந்தக் கோயில் என்பது நம்பிக்கை. இரண்டுக்கும் நடுவே நந்தவனம். துளசிச் செடியடியில் குழந்தையாக ஆண்டாளைக் கண்டெடுத்த இடம் அது.

கருவறையில் ஆண்டாள், ரங்கமன்னார், பக்கத்தில் கருடன். மணமகனை ஸ்ரீரங்கத்திலிருந்து விரைந்து சுமந்து வந்ததால் கருடனுக்கு அந்தப் பக்கத்து இடம் கிடைத்ததாம். அப்படி வந்த மாப்பிள்ளை மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டார். 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று எந்த ஊரில் சொன்னாலும் கொஞ்சம் கேலி கலந்திருக்கும். இந்த ஊரில் அந்தக் கேலி எடுபடாது.

உள்ளே ஒரு கிணறு. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, அழகு பார்க்க அவள் எட்டிப் பார்த்தது இதில்தான் என்பார்கள். 'கண்ணாடிக் கிணறு' என்று பெயர். ஆண்டாளின் இடது கையில் தினமும் ஒரு புதுக் கிளி. மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் மூக்கு. சாயங்காலம் கையில் ஏறும் கிளிக்கு ஒரு நாள்தான் ஆயுசு. நாளைக்கு வேறு கிளி கட்ட வேண்டும்.

கொடுக்கல் வாங்கலும் ஒரு பெரிய குடும்பத்தில் நடப்பது மாதிரிதான். ஆண்டாள் சூடிய மாலை சித்திரையில் மதுரைக்கு வரும் அழகருக்கும், புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும் போகிறது. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டு வருகிறது. பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம். ஆடிப்பூர உற்சவத்தின் ஏழாம் நாள், கிருஷ்ணன் கோயிலில் சயன சேவை. ஆண்டாள் மடியில் ரங்கமன்னார் தலை சாய்த்திருப்பார். மறுபடி தேர், கூட்டம், ஊர்வலம் என்று நிற்க நேரமில்லாமல் போகுமுன் கணவனும் மனைவியுமாக ஓர் ஓய்வு.

மார்கழி கடைசியில் எண்ணெய்க் காப்பு. அறுபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்த்து நாள்கணக்கில் காய்ச்சிய தைலத்தை ஆண்டாளுக்குச் சாத்துவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காய்ந்துபோன தலையோடு வரும் மகளைப் பார்த்ததும், "முதல்ல மணையில உட்காரு" என்று நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வரும் அம்மாக்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

அண்ணன் கடமையும் இந்தக் கதையில் உண்டு. அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக ஆண்டாள் வேண்டிக்கொண்டாள். செலுத்தவில்லை. பல தலைமுறைகளுக்குப் பின் வந்த ராமானுஜர், அந்த வேண்டுதலைத் தான் நிறைவேற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். 'அண்ணா' என்று ஆண்டாள் அழைத்து வரவேற்றாள் என்பது வழிவழியாக வரும் செய்தி. கூடப் பிறக்காவிட்டாலும், தங்கை விட்ட கடனை ஏற்றுக்கொண்டவர் அண்ணன்.

பால் சுண்டும் வாசனை

கோயிலை விட்டு வெளியே வந்தால் பால்கோவாக் கடைகள். பாலும் சர்க்கரையும்தான் சரக்கு. மற்றதெல்லாம் அடுப்பும் கை வேலையும். அகலமான வாணலியில் பால் கொதிக்கக் கொதிக்க, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கெட்டது. 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆண்டாளின் தாய் வீட்டில் படைக்கும் திரட்டுப்பாலும் இப்படிச் சுண்டக் காய்ச்சுவதுதான். அதன் கடைத்தெருத் தம்பி பால்கோவா என்று வைத்துக்கொள்ளலாம். மகள் கிளம்பும்போது பையில் அரைக் கிலோவாவது வைக்காத வீடு ஊரில் அபூர்வம். "இது சம்பந்தி வீட்டுக்கு, இது உங்களுக்கு, இது ஆபீஸ்ல கொடுக்க" என்று தனித்தனியாகக் கட்டித்தான் வரும்.

அந்தப் பக்கம் ராஜபாளையம்

பஸ் ஏறினால் அரை மணி நேரம். மேற்கே மலை கூடவே வரும்.

ராஜபாளையத்தின் முகம் வேறு. விஜயநகரக் காலத்தில் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த ராஜுக்கள் வேரூன்றிய ஊர். தெருவில் தெலுங்கும் தமிழும் கலந்து காதில் விழும். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு, ஷிப்ட் சங்குக்குக் கண் விழிக்கும் மில் ஊரானது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது புடவை அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ். குமாரசாமி ராஜாவின் ஊரும் இதுதான். அவர் தன் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் இன்றைய காந்தி கலை மன்றம்.

வாசலில் வெள்ளை வெளேரென்று, இளஞ்சிவப்பு மூக்கோடு ராஜபாளையம் நாய் நின்றால், புது மருமகள் கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே போவாள். 2005-ல் தபால் தலையில் இடம்பிடித்த இனம். வீட்டு ஆள் யார், வெளி ஆள் யார் என்பதில் அதற்குச் சமரசம் இல்லை. இரண்டாம் முறை வரும்போது குரைக்காமல் வாலை ஆட்டினால், புகுந்த வீட்டில் ஒரு ஓட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

இங்கே மாமியார் கணக்கு வேறு. "வந்த அன்னிக்கே குலசாமிகிட்ட போயிட்டு வந்துடணும்" என்பார். ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோயில். போகிற வழியில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம், ராஜபாளையத்துக்குக் குடிநீர் தருவது. மழை நன்றாகப் பெய்திருந்தால் அய்யனார் அருவியிலும் தண்ணீர் விழும். நீரைக் காக்கிற சாமிக்கு நீர் வரும் வழியிலேயே கோயில். பொங்கல் வைத்துவிட்டு ஓடையில் கால் நனைத்தபடி உட்கார்ந்தால், மூணாறு போகாத குறை பாதி தீர்ந்துவிடும்.

மீதியைத் தீர்க்க ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்பு இருக்கிறது. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் சரணாலயமான காடு. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது.

எதற்காகப் போவது?

இரண்டு ஊரிலும் இப்போது ஒரே காட்சி. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் தாண்டியும். வீட்டில் வயதான இருவர். சீர் பணமாக மாறி போனிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. தீபாவளிப் புடவை கூரியரில் வருகிறது. வீடியோ காலில் பேரன் முகம் தெரிகிறது. ஒன்றும் குறையில்லை என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஆனால், காய்கறியைப் பரப்பி வைக்க யாராவது நேரில் வந்தாக வேண்டும். எண்ணெய் தேய்க்க ஒரு தலை வேண்டும். கிளி கட்டுகிற கை ஒருநாள் நின்றாலும் மறுநாள் ஆண்டாளின் கை வெறுமையாக இருக்கும். குடும்ப வழக்கமும் அப்படித்தான். நினைத்துக்கொண்டால் மட்டும் போதாது, செய்தால்தான் இருக்கும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்ட இரண்டு மூன்று வருஷத்தில், மணையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்த கைக்கு மூட்டுவலி வந்துவிடுகிறது.

லீவில் இரண்டு நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே என்று பிரித்தால் போதும். யார் வீட்டுக்கு முதலில் என்ற சண்டைக்கு இந்த 12 கிலோமீட்டர் தாங்காது. காலை டிபன் ஒரு வீட்டில், மதியச் சாப்பாடு இன்னொரு வீட்டில் என்றுகூடச் சமாளிக்கலாம். வயிறு ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 கி.மீ. திருமங்கலம், கிருஷ்ணன்கோவில் வழியாக அடிக்கடி பஸ் உண்டு. அதே சாலைதான் ராஜபாளையம், தென்காசி தாண்டிக் கொல்லம் வரை போகிறது. பகல்பத்து தொடங்கும் தேதி வைகுண்ட ஏகாதசியை ஒட்டி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அருவிக்கும் காட்டுக்கும் வனத்துறை அனுமதிக்கும் நாட்களில்தான் போக முடியும். கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

திரும்பும்போது ரயில் வரிசையை மாற்றிவிடும். செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகைக்கு முதலில் ராஜபாளையம், அடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர். பையன் வீட்டார் ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்த கால் மணி நேரத்தில், அடுத்த பிளாட்பாரத்தில் பெண் வீட்டார் நிற்பார்கள். கோச் நம்பரை மூன்று தடவை போன் போட்டுக் கேட்டிருப்பார்கள்.

ஜன்னல் வழியாக ஒரு பை உள்ளே வரும். பால்கோவா, பொடி டப்பா, அடியில் நாலு பிஞ்சு கத்திரிக்காய்.

"மாப்பிள்ளை, பொங்கலுக்கு லீவு இருக்குல்ல?"

ரயில் நகரத் தொடங்கியிருக்கும். அவன் தலையாட்டுவான். அவள் போனை எடுத்து, மூணாறு அறைகளைத் தேடிய பக்கத்தை மூடிவிட்டு, ஜனவரிக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பாள்.