பரண்மேல இருந்த ஜப்பான் கிட்டார்

களம்பூர்னா அரிசி, பக்கத்துல ஆரணின்னா பட்டு. ரெண்டையும் விட்டுட்டு இன்னைக்கு எலக்ட்ரிக் கிட்டார் பத்தி எழுதறேன். நடவு முடிஞ்சிடுச்சி, தண்ணி கட்டுற வேலைதான், நேரம் இருக்கு.

எங்க தெருவுல ஒரு அக்கா. வீட்டுக்காரர் பகல்ல பட்டு நெய்வார், திருவிழா ராத்திரியில மெல்லிசைக் குழுவுல கிட்டார் வாசிப்பார். போன வருஷம் தவறிட்டார். கடன் கொஞ்சம் பாக்கி. பரண்ல இருந்த கிட்டாரைப் பழைய சாமான் வாங்குற ஒருத்தர் பாத்துட்டு, "சைனா மாலும்மா, நாலாயிரம் தரேன்"னு சொல்லியிருக்கார். அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அவரு ஜப்பான்னுதான் சொல்லுவாரு. சிங்கப்பூர்ல இருந்து வந்தவர்கிட்ட வாங்கினது. நீ கொஞ்சம் பாரேன்"னாங்க.

தலையில ஐபனேஸ்னு பேர். தலைக்குப் பின்னாடி துடைச்சிப் பாத்தா ஒரு ஆங்கில எழுத்து, ஆறு எண். ராத்திரி மோட்டார் ரூம்ல உக்காந்து போன்ல படிச்சேன்.

விதை மூட்டையில சான்று அட்டை தைச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரிதான் இதுவும். 1975 கடைசியில இருந்து 1986 வாக்குல வரைக்கும் ஜப்பான்ல செஞ்ச ஐபனேஸ்ல முதல் எழுத்து மாசம். 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். அடுத்த ரெண்டு எண் வருஷம். மிச்சம் நாலும் வரிசை எண். அக்கா வீட்டுக் கிட்டார்ல 'ஹெச் 78'. 1978 ஆகஸ்ட்.

எல்லாக் கிட்டாருக்கும் இது எடுபடாது. 1960கள்ல வந்த டெய்ஸ்கோ மாதிரி கிட்டார்கள்ல பலதுல எண்ணே இருக்காது, இருந்தாலும் வருஷம் தெரியாது. ஒரே தொழிற்சாலைச் சரக்கு கடைக்கு ஒரு பேர்ல போகும். அங்கே உடம்பு வடிவம், ஸ்விட்சு, கழுத்துத் தகடு இதையெல்லாம் பாத்துதான் சொல்லணும். தலை வடிவமும் பேசும். கிப்சன் மாதிரியே தலை வெச்சதுக்காக 1977-ல அமெரிக்காவுல ஐபனேஸ் விக்கிற கம்பெனி மேல வழக்கே போட்டாங்க. அந்தத் தலை இருந்தா பெரும்பாலும் அதுக்கு முந்தினது. அக்காவோடதுல அது இல்ல. எண்ணும் தலையும் ஒத்துப்போச்சி.

எண் மட்டும் போதாது, உள்ளுறுப்பு மாத்தியிருந்தா விலை இறங்கும். மோட்டார் காயில் கட்டுற தம்பி வந்து பின் மூடியைக் கழட்டினான். "அண்ணே, பத்தவெச்ச ஈயம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, யாரும் கை வெக்கல"ன்னான்.

படிச்சதுல எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. அந்தக் காலத்துல ஐபனேஸ் நிறைய செஞ்சது மட்சுமோட்டோ ஊர்ல இருக்கிற ஃபுஜிகென். 1960-ல அதை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் யோக்கோஉச்சி. விவசாயி!

நெல்லை வாயில போட்டுக் கடிச்சிட்டு "ஈரம்"னு சொல்லி விலையைக் குறைக்கிறவங்களை நாம எல்லாரும் பாத்திருக்கோம். கையில ஈரமானி இருந்தா அந்தப் பேச்சு வராது. அக்காவுக்கு ஒரு தாள்ல மாசம், வருஷம், ஊர் மூணையும் எழுதிக் குடுத்தேன்.

மறுவாரம் அதே ஆள் வந்தார். அக்கா தாளை நீட்டினாங்க. படிச்சிட்டு, "சரிம்மா, இருபத்தஞ்சு"ன்னார்.

"யோசிச்சி சொல்றேன்"னு அக்கா கதவைச் சாத்திட்டாங்க.